குழுக் கூலி

விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் வண்டி வந்துவிடும். மூன்று மருத்துவமனைகள், ஏழெட்டு விடுதிகள். முந்தின நாள் அங்கெல்லாம் படுத்து எழுந்தவர்களின் விரிப்புகள் மூட்டை மூட்டையாக எங்கள் சலவை ஆலையின் சிமெண்டுத் தரையில் வந்து விழும். முடிச்சை அவிழ்த்ததும் ஒரு வாடை முகத்தில் அடிக்கும். சீழ், வியர்வை, மருந்து, யாரோ சிந்திய மது. சேர்ந்த முதல் வாரம் வாந்தி எடுத்தேன். அப்புறம் மூக்கு தன் வேலையை விட்டுவிட்டது. நான் விடவில்லை.

துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரக் களிமண் மாதிரி கனக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சுருக்கம் விழாமல் சூட்டு உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். உருளை இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் அட்டை மாதிரி விறைப்பாக வெளியே வரும். அங்கே நிற்பவர்கள் மடித்து அடுக்குவார்கள். முகம் அனலில் வேகும், விரல்கள் ஈரத்தில் ஊறும். எங்கள் எல்லோருக்கும் நெற்றி கறுத்தும் விரல்கள் வெளுத்தும் இருந்தன.

எனக்கு எதிர் முனையைப் பிடித்தவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்தபின் அவர் எங்களோடு இருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் நாங்கள்தான் அவரோடு இருந்தோம். வாடகை வீடு அவர் பேரில் இருந்தது. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஒன்பது வருஷம் ஒரே விரிப்பின் இரண்டு முனைகள். எப்போது உதற வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. அவர் மூச்சை இழுத்தால் என் கை எழும்.

அதில் முதல் ஏழு வருஷம் நாள் கூலி. கண்காணிப்பாளர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்துவார். அவரை ஏமாற்றுவதுதான் எங்களுக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. வயிற்று வலியில் ஒருத்தி சுருண்டால், மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்து நாலு விரிப்பைப் போட்டு மூடிவிடுவோம். அவள் எங்கே என்று அவர் கேட்டால், அத்தனை வாயும் பாத்ரூம் என்று சொல்லும். பொய்தான். யாருக்கும் உறுத்தியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி எங்களையெல்லாம் கூட்டினார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. இனிமேல் கண்காணிப்பாளர் கிடையாது, உங்களை நான் நம்புகிறேன் என்றார். எட்டுப் பேர் ஒரு குழு. குழு மொத்தமாக எத்தனை விரிப்பு முடிக்கிறதோ அதற்குக் கூலி. அதை எட்டாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன். எங்களுக்கு ஏழாம் குழு என்று பெயர் வைத்தார்கள்.

ஆறே மாதத்தில், எட்டுப் பேருமே கண்காணிப்பாளர் ஆகிவிட்டோம்.

குழுத் தலைவிக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். வாடகை வண்டி நின்றாலும் மீட்டர் நிற்காதே, அந்த மாதிரி அவள் உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். யாராவது கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று தட்டுவாள். முதலில் அவளைத் திட்டினோம். பிறகு அவள் தட்ட மறந்தால் நாங்கள் தட்டினோம். அம்மா செத்துப் போனவள் மூன்றாம் நாளே வேலைக்கு வந்தாள். ஏன் இரண்டாம் நாளே வரவில்லை என்று ஒருத்தி கேட்டாள். மூட்டைகளுக்குப் பின்னால் யாரும் படுப்பதில்லை. ஒரு தடவை படுத்தவளைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பியது நான். நீ படுத்தால் என் பிள்ளை பட்டினி என்று சொன்னேன். அது பொய்யில்லை. அதனால்தான் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

எங்கள் வீட்டுப் பேச்சில் அங்கங்கே காதில் விழுந்ததை இப்போது சேர்த்துப் பார்க்கிறேன். மாமியாரின் அம்மா நிலக்காரர் வயலில் குனிந்து கிடந்தவர். அந்தக் காலத்தில் நல்லவள் என்றால் நிலக்காரர் வரப்பில் வரும்போது தலை நிமிராதவள். மாமியார் பெரிய வீடுகளில் துணி துவைத்தார். அங்கே நல்லவள் என்றால் கண்ணால் கண்டதை வெளியே சொல்லாதவள். நாள் கூலிக் காலத்தில் எங்களுக்கு நல்லவள், காட்டிக்கொடுக்காதவள். அது ஒன்றை மட்டும் நாங்களே வகுத்துக்கொண்டோம். குழுக் கூலி வந்தபின் நல்லவள் என்றால் வேகமானவள், அவ்வளவுதான். நல்லவள் என்கிற சட்டையைப் பெரும்பாலும் கூலி கொடுப்பவர்தான் தைத்துக் கொடுத்தார். நாங்கள் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்றோம்.

அண்ணியின் வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். விரிப்பை உதறும்போது அவர் முனை அரை நொடி தாமதமாக எழுந்தது. நாள் முழுக்க அரை அரை நொடியாகச் சேர்ந்ததில் ஏழாம் குழு கடைசியில் நின்றது. ஒரு சனிக்கிழமை முதலாளி வந்து, என்ன செய்வது என்று நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பே அப்படி இரண்டு பேரை அனுப்பியிருந்தோம். பழக்கமாகிவிட்டது. மீட்டர் பேரைச் சொன்னாள், கைகள் எழுந்தன. நானும் தூக்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஏதோ பொறுக்கமுடியாத வேதனை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கையைக் கீழே போட்டபோது, திங்கட்கிழமை எதிர் முனைக்கு யார் வருவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போனார். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் பெயிண்டர். அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தார். அக்கா ஏன் மதியமே வந்துவிட்டாள் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அடுப்படியிலிருந்து பதில் சொன்னார்.

"கை வலிக்குதுடா. நானே நின்னுட்டேன்."

எனக்காகச் சொன்ன பொய். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை புதியவள் வந்தாள். நாற்பது வயது, அகலமான தோள். பேச்சே கிடையாது, வேகம் மட்டும்தான். ஏழாம் குழு மேலே ஏறியது. உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை நெருங்கி அதில் பட்டால் உருளை நின்றுவிடும். வேகமாகக் கொடுக்கும்போது அடிக்கடி பட்டு நின்றது. அதனால் ஒரு நாள் கிழிந்த விரிப்பின் கீற்றால் கம்பியைத் தூக்கிக் கட்டினோம். முடிச்சுப் போட்டது மீட்டர், பிடித்துக்கொண்டது நான்.

மூன்றாவது வாரம், காலை எட்டு மணி இருக்கும். விரிப்பின் ஓரம் மடங்கியது. புதியவள் அதை நீவிவிடக் கையை நீட்டினாள். உருளை துணியோடு கையையும் இழுத்துக்கொண்டது.

மீட்டர் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கையை வெளியே எடுக்க நேரமானது. அதை நான் விவரிக்கப்போவதில்லை. நான் என் முனையைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். யாரோ வந்து என் விரல்களைப் பிரித்துவிட்டார்கள்.

அவளை வண்டியில் ஏற்றி அனுப்பி ஒரு மணி நேரம் கழித்து முதலாளி வந்தார். எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் கையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. தடுப்புக் கம்பியை அவளே தன்னிஷ்டப்படி கட்டினாள், நாங்கள் எச்சரித்தும் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் குழு வழக்கம்போல ஓடும். போடாவிட்டால் குழு செய்த தவறு. வைத்தியச் செலவு குழுவின் கூலியில் பிடிக்கப்படும்.

"கம்பியைக் கட்டச் சொன்னது நானா?" என்று கேட்டார்.

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இந்த ரெண்டு வருஷத்துல நான் யாரையாவது வேலையை விட்டு அனுப்பியிருக்கேனா? சொல்லுங்க."

அனுப்பியதில்லை. எல்லோரையும் நாங்கள்தான் அனுப்பினோம்.

"இப்பவும் நான் கட்டாயப்படுத்தல. அரை மணி நேரம் எடுத்துக்கங்க. கை தூக்கி நீங்களே முடிவு பண்ணுங்க."

அவர் போய்விட்டார். நாங்கள் ஏழு பேரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். தாள் நடுவில் கிடந்தது. வழக்கமாக மீட்டர்தான் ஆரம்பிப்பாள். அவள் உதடு அசையவில்லை. அது அசையாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன். ஏன் பேசினேன் என்று தெரியாது. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை.

"அவ கை உள்ளே போனப்ப எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இந்த ஷீட் கறையாயிடுச்சு, மறுபடி துவைக்கணுமேன்னு தோணுச்சு. அவ கத்தினது அதுக்கப்புறம்தான் காதுல விழுந்துச்சு."

என்னை வெறுப்பார்கள் என்று நினைத்தேன். அதுவும் பெரிதாகப் படவில்லை.

"நான் பொத்தானை அமுக்க ஓடினேன்ல" என்றாள் மீட்டர். "எண்ணிக்கிட்டேதான் ஓடினேன். நூத்தி எண்பத்தி நாலு."

மடிக்கிற இடத்தில் நிற்பவள் ஒருத்தி, இன்றைக்கு வேலை நின்றுவிடும், கொஞ்சம் உட்காரலாம் என்று தனக்குத் தோன்றியதாகச் சொன்னாள். இன்னொருத்தி, நல்லவேளை என் கை இல்லை என்று நினைத்தாளாம். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. கடைசியாகச் சொன்னவள் பேசி முடித்ததும், அந்தத் தாளை எடுத்துத் திருப்பிப் போட்டாள். எழுதாத பக்கம் மேலே வந்தது. மீட்டர் பேனா கேட்டாள்.

அரை மணி நேரம் முடிந்து முதலாளி வந்து, என்ன முடிவு என்று கேட்டார்.

"கை தூக்கல சார்" என்றாள் மீட்டர். "இனிமே தூக்கவும் மாட்டோம்."

"அப்ப யார் பொறுப்பு?"

"கம்பியைக் கட்டினது நாங்கதான். இதுல அதையும் எழுதியிருக்கோம். எதுக்காகக் கட்டினோம்னும் எழுதியிருக்கோம்."

அவர் படித்தார். கம்பி இறங்க வேண்டும், ஆளுக்கு ஆள் நாள் கூலி வேண்டும், அவள் வைத்தியம் ஆலையின் பொறுப்பு, வேலையை இழந்த மூன்று பேரும் திரும்ப வர வேண்டும், அதுவரை உருளை ஓடாது என்பதைப் படிக்கும்போது லேசாகச் சிரித்தார்.

"நீங்க அனுப்பினவங்களை நான் எதுக்குச் சேர்க்கணும்?"

"நாங்க அனுப்பினோம்" என்றேன். "அதனால வேகம் கூடின லாபம் யாருக்கு சார்?"

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. வெளியே போய் உட்காருங்கள், ஆறாம் குழு இந்த உருளையை எடுத்துக்கொள்ளும் என்றார். ஆறாம் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். உருளையின் ஓரத்தில் அப்பிக் காய்ந்திருந்ததைப் பார்த்தார்கள். தூக்கிக் கட்டிய கம்பியைப் பார்த்தார்கள். அவர்கள் உருளையிலும் அப்படித்தான் கட்டியிருந்தது. இருவரும் விரிப்பைத் தொடவில்லை. எங்களோடும் வரவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்கள். மற்ற உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன.

மதியம் வீட்டுக்குப் போனேன். கணவருக்கு அன்று வேலை இல்லை. அண்ணி இடது கையால் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இருவர் முன்னாலும் நடந்ததையும், நாளை ஆலை வாசலில் உட்காரப்போவதையும் சொன்னேன். அன்றைக்கு அண்ணி தானாக நிற்கவில்லை, கை தூக்கி அனுப்பினோம், அதில் என் கையும் இருந்தது என்று சொன்னேன். கணவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

"எனக்குத் தெரியாத மாதிரி சொல்றியே" என்றார் அண்ணி. "நான் அங்கதானே நின்னேன். நாலாவது கை உன்னுது."

"கோவம் வரலையா அண்ணி?"

"வந்துச்சு." கத்தியைக் கீழே வைத்தார். "ஆனா வீங்கினது உன் கையா இருந்திருந்தா நான் ரெண்டாவதாத் தூக்கியிருப்பேன். அதை நினைச்சப்ப கோவம் போயிடுச்சு. பயம்தான் மிச்சம்."

நான் அழுதிருக்க வேண்டும். கண் வறண்டுதான் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஓர் இடத்தில், ரொம்ப நேரம் மடக்கி வைத்திருந்த காலில் இரத்தம் ஓடத் தொடங்கும்போது குத்துமே, அந்த மாதிரி ஏதோ குத்தியது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கு. உங்களாலதான் எதையும் தூக்க முடியாதே."

"உக்கார்றதுக்குக் கை எதுக்கு? வரேன்."

மறுநாள் ஆலையின் கதவு பூட்டியிருந்தது. ஏழாம் குழு காலவரையின்றி நீக்கப்பட்டது என்று தாள் ஒட்டியிருந்தார்கள். கதவோரம் சுவரில் முதுகைச் சாய்த்து நடைபாதையில் உட்கார்ந்தோம். நாங்கள் ஏழு பேர், அண்ணி, முன்பு நாங்கள் அனுப்பிய இரண்டு பேரில் ஒருத்தி. இன்னொருத்தி வர மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. புதியவளின் தம்பி மருத்துவமனையிலிருந்து நேராக வந்தான். இரண்டு விரல்தான் மிஞ்சும் என்று சொன்னான். எங்களைத் திட்டுவான் என்று காத்திருந்தோம். அவன் திட்டவும் இல்லை, போகவும் இல்லை.

முதல் வண்டி வந்தது. கதவு திறந்தது. மற்ற குழுக்காரிகள் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் முறைத்தார்கள். ஒருத்தி, இதுங்களால நமக்கும் போகப்போகுது என்று சொல்லிக்கொண்டே போனாள். நேற்று வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஐந்தரை மணிக்கு ஆறாம் குழுக்காரிகள் இருவரும் வந்தார்கள். நேற்று உருளையருகே நின்றவர்கள்தான். கதவருகில் தயங்கி நின்றார்கள். காவல்காரர் சீக்கிரம் வரச் சொல்லிக் கையசைத்தார். மூத்தவள் எங்கள் பக்கம் திரும்பி வந்து, சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தோம்.