எந்தப் பக்கத்துப் புருவம்

அண்ணன் மறுபடியும் சாய்ந்து விழுந்தார். சின்னவர் மவுஸை அழுத்தி அவரை நிமிர்த்தினார். சேமித்து, மூடி, திறந்தார். அண்ணன் மறுபடியும் படுத்துக்கொண்டார்.

"என்னிக்கு நீ சொன்ன பேச்சு கேட்டிருக்க?"

திரையைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று சாத்திய கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம், நடு அறையில், அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து சின்னவர் அந்தப் பக்கம் போகவில்லை.

காரணம் கைவசம் இருந்தது. பெரிதாகப் படம் போட ஸ்டூடியோக்காரர் ஜே.பி.ஜி.தான் வேண்டும் என்றார். அண்ணனின் போனில் இருந்ததோ ஹெச்.இ.ஐ.சி. என்கிற வேறு வகைக் கோப்பு. எப்போதோ பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவியதற்காக வீட்டில் சின்னவருக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பட்டம். "நான் பாத்துக்கறேன்" என்று முந்திக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டார்.

முதலில் கோப்பின் பெயரில் இருந்த கடைசி நாலு எழுத்தை அழித்துவிட்டு ஜே.பி.ஜி. என்று அடித்துப் பார்த்தார். டீக்கடைப் போர்டை மாற்றி எழுதினால் உள்ளே துணி விற்குமா? படம் திறக்கவில்லை. அப்புறம் இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் ஒரு தளத்தில் ஏற்றினார். மாறியது, படுத்தபடி. எதைப் பார்க்கப் பயந்து ஓடி வந்தாரோ, அது திரையிலும் கிடந்தது.

பல் பிடுங்கப் போனபோதுகூட அண்ணன்தான் துணைக்கு வந்தார். சின்ன வயதில் அல்ல, போன வருஷம். இப்போது அந்த அறைக்குள் போக யாரைத் துணைக்குக் கூப்பிடுவது?

வேறொரு தளத்தில் மாற்றியதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்னவர் மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. புருவத்தை வெட்டிப் போகும் தழும்பு இதில் எதிர்ப்பக்கப் புருவத்தில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தார். இரண்டு அண்ணன்கள். ஒருவர் கண்ணாடிக்குள் இருப்பவர். எவர்?

போனையும் நம்ப முடியாது. தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம், அதுவே திருப்பிப் போட்டிருக்கலாம். தழும்பு தெரிகிற வேறு படமும் இல்லை. வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் படம் எடுத்தவர் அண்ணன். அதனால் ஒன்றிலும் அவர் இல்லை.

கதவு திறந்தது. அண்ணன் மகள்.

"சித்தப்பா, ஸ்டூடியோலேர்ந்து மறுபடி கூப்பிட்டாங்க. இப்ப அனுப்பலன்னா முடியாதாம்."

"அப்பாவுக்குத் தழும்பு எந்தப் புருவத்துலம்மா?"

"இடது."

பின்னாலேயே வந்த அண்ணி, "வலதுடி" என்றாள். "எத்தனை வருஷம் எதிர்ல உக்காந்து சோறு போட்டிருக்கேன்!"

"உங்களுக்கு வலதா, அவருக்கு வலதா அண்ணி?"

அண்ணி தன் வலது புருவத்தைத் தொட்டாள். பிறகு இடதை. கை அந்தரத்தில் நின்றது.

"ஐயோ, தெரியலையே தம்பி..." குரல் உடைந்தது. "தப்பா மட்டும் வச்சுடாதீங்க. இனிமே நான் அதைத்தானே பாக்கணும்."

சின்னவர் மகளிடம் திரும்பினார். "நீ ஒரு எட்டு பாத்துட்டு வந்துடேன்."

"நான் மறுபடி குழம்புவேன். நீங்கதான கம்ப்யூட்டர்?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "அங்க இருக்கறது அப்பாதான் சித்தப்பா."

எழுந்தார். நடு அறையில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கொஞ்சம் மெதுவாகவே ஒதுங்கியிருக்கலாம்.

காலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். கோணலான கட்டைவிரல். போர்வை. விரல்கள். தாடையில், சவரத்தில் எப்போதும் தப்பிவிடும் அதே நாலு முடி. அதற்கு மேல் ஏற, கண் வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

புருவத்தைப் பார்த்தார். தன் முகத்தில் அந்த இடத்தைத் தொடப் போனவர், தானும் எதிரில்தானே நிற்கிறோம் என்று நிறுத்தினார். சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போய், அண்ணனின் கால் இருந்த திசையைப் பார்த்து நின்றார். இப்போது அண்ணனுக்கு இடது எதுவோ, அதுதான் அவருக்கும் இடது.

குனிந்து, தழும்பை மறைத்த முடியை இடது விரலால் ஒதுக்கினார். நெற்றி சில்லென்று இருந்தது. பிறகு அதே விரலைத் தன் இடது புருவத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். மறந்துவிடக் கூடாது.

அப்படியே நடந்து உள் அறைக்கு வந்தார். திரையில் இருப்பவரும் எதிரில்தானே என்று கணக்குப் பார்த்து, இரண்டு அண்ணன்களில் ஒருவரை வலது கையால் தேர்ந்தெடுத்து அனுப்பினார். போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது.

"ஸ்டூடியோல கிடைச்சிடுச்சாம்" என்றாள் மகள். "தலை வலிக்குதா சித்தப்பா?"

"இல்லம்மா."

விரல் புருவத்திலேயே இருந்தது.