பியர் குடிக்கிறவர்

மாலைக்குள் வைதேகி தன் அம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: நிதீஷ் வேண்டுமா, வேண்டாமா. ஜாதகத்தோடு வந்த படம் பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. கறுப்பு அங்கிக்கு மேலே யாருக்கும் பொருந்துகிற ஒரு முகம். ஞாயிறு மதியம் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில், பானக்கடைப் பக்கம் தனியாகச் சாப்பிடுவார், எப்போதும் கட்டம்போட்ட சட்டைதான் என்று தரகர் மாசிலாமணி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தோழி கவிப்ரியாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கட்டம்போட்ட சட்டைக்காரர் இருந்தார். முன்னால் பிடிவைத்த பெரிய கண்ணாடிக் குவளை. மஞ்சளாக, மேலே நுரை.

"குடிப்பழக்கம் இல்லைன்னு போட்டிருந்தாங்களே. உன் பியர்க்காரர் நல்லா இழுக்குறாரு லா," என்றாள் கவிப்ரியா.

அதற்குப் பிறகு இருவருக்கும் பெயர் தேவைப்படவில்லை. பியர்க்காரர் போனைப் பார்த்துச் சிரித்தார். பியர்க்காரர் எதிர் நாற்காலியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்திருந்தார். யாருக்காம்? ஒவ்வொன்றும் வைதேகிக்குத் திருட்டுத்தனமாகவே பட்டது.

பொறுக்காமல் எழுந்துபோய்ப் பானக்கடைக்காரர் ரத்னவேலிடம், அங்கே பியர் குடிக்கிறவர் அடிக்கடி வருவாரா என்று கேட்டாள்.

"நிதீஷா? ஞாயித்துக்கிழமை தவற மாட்டாரு. ரெண்டு மக்," என்றார் அவர், குவளை கழுவியபடி.

திரும்பினாள். டிஷ்யூ வைத்த நாற்காலியில் ஒரு பெண், மடியில் குழந்தை. கட்டம்போட்ட சட்டைக்காரர் குவளையைக் குழந்தையின் வாயில் வைத்தார். கரும்புச்சாறு.

அப்படியானால் ரத்னவேல் யாரைச் சொன்னார்? அவரிடம் பியர் வாங்கியவரைத்தானே சொல்லியிருப்பார்.

வைதேகி இரண்டடி நகர்ந்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டம்போட்ட சட்டை, இன்னொரு குவளை. ஜாதகத்தாளில் இருந்த எண்ணை அழைத்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது.

"வைதேகி பேசுறேங்க. எங்க இருக்கீங்க?"

அவர் மீசையிலிருந்த நுரையைத் துடைத்தார். "கோயில்லங்க. வரிசையில நிக்கிறேன். அப்புறம் கூப்பிடட்டுமா?"

குடிப்பது மட்டும் என்றால் யோசித்திருப்பாள். குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை.

அம்மாவுக்குச் செய்தி எழுதினாள். பெயரை எழுத விரல் போகவில்லை.

"கோயில்ல வரிசையில நிக்கிறவர் வேணாம்மா."