ஷாரோவின் பிடிவாதம்

நெவெனா நாயோடு மாடியேறி வந்தபோது எதிர்வீட்டு டோன்கா கதவைத் திறந்து பார்த்தாள்.

"ஏன்க்கா, முழு நாயா ஒண்ணும் கிடைக்கலையா?"

குசும்புதான், ஆனால் கேட்டதில் பொய்யில்லை. ஷாரோவுக்குப் பின்னங்கால் ஒன்று கிடையாது. பிறவியிலேயே காதும் கேட்காது. பின்னால் லாரி வந்தது கேட்காமல்தான் அந்தக் காலும் போனது. காது கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று நாய்க் காப்பகத்து வெசெலாவிடம் கேட்டால், படிவத்தில் எழுத ஏதாவது வேண்டுமே என்பாள்.

நெவெனாவுக்கு அறுபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் "இதோ இணைக்கிறேன், இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எங்கள் ஸ்விஷ்தோவ் ஊரில் யார் யாரைக் காதலித்தார்கள், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அவளைத் தேடி மட்டும் ஒருவரும் அழைத்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கேட்கவும் ஆளில்லை.

முதல் நாள் கோழிக்கழுத்தை அரிசியோடு குழைய வேகவைத்து, ஆற்றி, கிண்ணத்தில் வைத்தாள். ஷாரோ வாலை ஆட்டிக்கொண்டு மூன்று காலில் தத்தித் தத்தி வந்தது. வாய் வைக்கும் முன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. நெவெனா பூரித்துப்போய், "ஆமாடா கண்ணு, உனக்குத்தான், சாப்பிடு" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்குத் தலை அப்படித்தான் போகும். இல்லை என்பதற்கு மேலும் கீழும் போகும். உலகத்தில் மற்றவர்கள் மாற்றி ஆட்டுகிறார்களாம், ஆட்டிவிட்டுப் போகட்டும்.

ஷாரோவின் வால் நின்றது. பின்வாங்கிப் போய் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

புது இடம், பழகட்டும் என்று விட்டாள். இரண்டாம் நாளும் அதே கதை. கெஞ்சினாள், கொஞ்சினாள், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டாள். எவ்வளவுக்கு எவ்வளவு ஆசையாகத் தலையாட்டினாளோ அவ்வளவு தூரம் நாய் தள்ளிப் போனது.

மூன்றாம் நாள் ரொட்டிக் கடைக்குப் போய்த் திரும்பியபோது பாதிக் கிண்ணம் காலியாகியிருந்தது. ஷாரோவின் மூக்கில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. நெவெனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு, "ஆமாண்டா, ஆமா, அப்படித்தான்!" என்று வேகவேகமாகத் தலையை ஆட்டிக்கொண்டு ஓடினாள். அது திருடிப் பிடிபட்டதுபோல் வாலை இடுக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோறு பிடிக்காமல் இல்லை. அவளைத்தான் பிடிக்கவில்லை.

டோன்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டாள்.

"உன் மூஞ்சியப் பாத்தா அதுக்குப் பசியே அடங்கிடுது போலக்கா" என்று டோன்கா சிரித்தாள். நெவெனாவும் கூடச் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு அவளால் சிரிக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து கிண்ணத்தை வைத்துவிட்டு நடைவழியில் போய் நின்றுகொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாய் நக்கிச் சாப்பிடும் சத்தம் கேட்கும். தன் சமையலறைக்குள் போகத் தனக்கே அனுமதி இல்லாதவளாக, அங்கே மாட்டியிருந்த மேலங்கிகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனிதர்கள் அவளை விட்டு விலகியதற்கெல்லாம் ஏதேதோ காரணம் இருந்தது என்று இத்தனை வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நொண்டி நாய்க்குமா காரணம் இருக்கும்? ஐந்தாம் நாள் வெசெலாவை அழைத்து, நாயை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

ஆறாம் நாள் மதியம் வெசெலா கூண்டோடு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். ஷாரோ மேசைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

"எழுதணும் அத்தை, தப்பா நினைக்காதீங்க. கடிச்சுதா?"

"இல்ல." நெவெனாவின் தலை மேலே போய்க் கீழே வந்தது.

"வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணுச்சா?"

"இல்ல, இல்ல." தலை மேலும் கீழுமாகப் போனது.

"அக்கம்பக்கத்துல யாராச்சும் சண்டைக்கு வந்தாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. குறையே சொல்ல முடியாது." மறுபடியும் தலை மேலும் கீழும்.

மேசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஷாரோ வெளியே வந்தது. அவள் முகத்தையே பார்த்தபடி தத்தித் தத்தி வந்து, அவள் முழங்காலில் மோவாயை வைத்தது. ஆறு நாளில் அது அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பாத்தியா! வந்துட்டான்! ஆமாடா, வா வா!" நெவெனாவின் தலை இடமும் வலமும் ஆடியது.

மோவாய் விலகியது. ஷாரோ காதை மடித்துக்கொண்டு பின்னால் போனது.

வெசெலா பேனாவை வைத்துவிட்டாள்.

"அத்தை, தலையை ஆட்டாதீங்க. கொஞ்சம் பொறுங்க. இது இங்கிலீஷ்காரங்க வீட்டு நாய். எலெனா ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்துல வீடு வாங்கி இருந்தாங்களே, புருஷன் பொண்டாட்டி. அந்தாளு செத்ததும் அந்தம்மா ஊருக்குப் போயிட்டாங்க. காது கேக்காதுன்னு எல்லாத்தையும் தலையாட்டியே பழக்கியிருப்பாங்க போல. அவங்க 'வேணாம்'னா எப்படி ஆட்டுவாங்க தெரியும்ல?"

நெவெனா கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள்.

"அப்போ ஆறு நாளா நான்..."

"ஆமா அத்தை."

"ஒவ்வொரு வேளையும் சோத்தை வச்சிட்டு, தொடாதேன்னா சொல்லிட்டு இருந்தேன்?"

வெசெலா தலையை அசைக்கப் பயந்து, "எனக்கே இப்பத்தான் புரியுது" என்று வாயால் மட்டும் சொன்னாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். "இதை வண்டியில வச்சிடவா, காலியா?"

"காலியாவே வச்சிடு."

அவள் போன பிறகு நெவெனா சோற்றைச் சூடாக்கிக் கிண்ணத்தில் வைத்து, முட்டி வலியோடு தரையில் எதிரே உட்கார்ந்தாள். ஷாரோ வந்து கிண்ணத்துக்கு முன்னால் நின்று, நிமிர்ந்து, கண்ணால் கேட்டது. அவள் தலை பழக்கத்தில் பக்கவாட்டில் ஆடப் போனது. தாடையைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு மெல்ல மேலே தூக்கிக் கீழே இறக்கினாள். இல்லை என்று சொல்வதுபோலத்தான் இருந்தது. நாய் வாய் வைத்தது. இரண்டு வாய்க்கு ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தது, ஒருவேளை மனம் மாறிவிட்டாளோ என்று. கண்ணீர் வழிய, கழுத்து வலிக்க, கிண்ணம் காலியாகும் வரை நெவெனா அதற்கு இல்லை, இல்லை, இல்லை என்று தலையசைத்துக்கொண்டே இருந்தாள்.