ஆள் மாற்றாத பாரா

செத்துப்போன ஒரு மனிதரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியாமல் ஓர் அலுவலகமே பதினொரு மாதமாக விழித்துக்கொண்டிருந்தது. விழித்தது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். தூங்கியது என்பதே சரி.

மாடியில் நினைவு நாள் பிரிவு. அங்கிருந்த குமாஸ்தா பைலைத் தொடாமலேயே, "இவர் முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலமே ரிட்டயர்ட் ஆயிட்டார். செத்தது ரெண்டாந்தேதி. பணியில இறந்தவங்க பட்டியல்ல வர மாட்டார். கீழ போய்க் கேளுங்க" என்றார்.

கீழே ஓய்வு பெற்ற போலீஸார் சங்கம். அதன் செயலாளர், தானும் ஒரு பழைய சப்-இன்ஸ்பெக்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "விடுவிப்பு உத்தரவுல கையெழுத்தே போடலியேம்மா. தொப்பி, பெல்ட் எதையும் ஒப்படைக்கல. எங்களைப் பொறுத்தவரைக்கும் அவர் இன்னும் ரிட்டயர்டே ஆகல. மேல போய்க் கேளுங்க" என்றார்.

நாலாவது முறையாக இறங்கி வந்த ரைட்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அப்ப மனுஷன் மாடிப்படியிலதான் செத்தாரா சார்?"

செயலாளர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அவரைச் சொல்லி என்ன, நாற்காலியில் உட்கார்ந்தவுடன் பலருக்கும் காது அடைத்துவிடுகிறது.

ரைட்டரம்மா என்பது பெயரல்ல, வேலை. ஸ்டேஷனில் புகாரை எழுதுவதும், யாருக்கு எங்கே டூட்டி என்று பெரிய பதிவேட்டில் கோடு கிழித்துப் போடுவதும் இருபத்தாறு வருஷமாக அவள்தான். கையெழுத்து முத்து. கோபம் மூக்கு நுனியில். குரலோ, மைக் இல்லாமலே ஒரு மைதானத்தைத் திரும்பிப் பார்க்கவைக்கும். அதனால்தான் வருஷா வருஷம் நினைவு நாளில் இறந்தவர்களின் பெயரை வாசிக்கும் வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். முதலில் பணியில் இறந்தவர்கள், பிறகு ஓய்வு பெற்று இறந்தவர்கள். இரண்டு தாள், அவ்வளவுதான். இரண்டிலும் இல்லாதவர் செத்ததாகவே கணக்கில்லை.

இல்லாமல் போனவரை எல்லோரும் மணிக்கூண்டு என்பார்கள். தலைமைக் காவலர். ஆறு மணி டூட்டிக்கு ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்து நிற்பார். ஸ்டேஷன் கடிகாரம் நின்றுபோனால் அவர் படியேறும்போது முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள், அது தப்பியதே இல்லை. அவருக்குத் தெரிந்த வேதம் ஒன்றே ஒன்றுதான். பாராவில், அதாவது காவலில், நிற்கிறவன் மாற்ற ஆள் வராமல் இடத்தை விட்டு அசையக் கூடாது. வந்தவன் எதிரே நின்று "பாரா மாற்றிக்கொண்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வீடு, சோறு, தூக்கம் எல்லாம்.

அவர் ஓய்வு பெறும் மாதக் கடைசியில் வெள்ளம் வந்தது. பழைய பாலத்தில் வண்டி ஏறாமல் தடுக்க அவரைப் போட்டார்கள். பதிவேட்டில் இடப்பக்கம் ஆளின் பெயர், வலப்பக்கம் டூட்டி. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் மறுநாள் பட்டியலை எழுதும்போது ரைட்டரம்மா சட்டப்படி அவர் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தாள். நேர்த்தியான கோடு. பெயரோடு சேர்ந்து அந்த வரிசையில் இருந்த பாலமும் போனது. பாலத்துக்கு ஆள் வேண்டும் என்பதே அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் இல்லை.

அன்று எட்டு மணிக்கு மணிக்கூண்டின் மனைவி போன் செய்தாள். "பேரப்பிள்ளைங்க பலூன் எல்லாம் கட்டி வச்சிருக்காங்க, ஆளைக் காணோமே தங்கச்சி?"

மேஜையில் மூன்று போன்கள் அலறிக்கொண்டிருந்தன. ரைட்டரம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "மாத்த ஆள் அனுப்பியாச்சுக்கா. வந்துருவாங்க."

போனை வைத்த பிறகுதான் பதிவேட்டைப் புரட்டினாள். இன்ஸ்பெக்டர் அறைக்கு ஓடினாள். "சார், பாலத்துக்கு ஆள் போடல. உடனே ஒருத்தரை அனுப்பணும்."

"ஆளுக்கு நான் எங்க போவேன்? அவர் ரிட்டயர்ட் ஆனவர். மணி பார்த்துட்டுத் தானா வீட்டுக்குப் போயிருப்பார், போங்க."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதே பதில். தானே போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று பதினொரு மாதமாகத் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். உருப்படியான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாம் தேதி காலை முப்பத்தெட்டுப் பேரோடு வந்த பஸ் ஒன்றை மணிக்கூண்டு நடுச்சாலையில் கைகளை விரித்து நின்று மறித்தார். பஸ் பின்வாங்கியது. அவர் காலடியில் இருந்த கரை சரிந்தது. பஸ்காரர் பிறகு வாக்குமூலம் கொடுத்தார். முந்தின நாள் டீ வாங்கிக் கொடுத்தபோது ஏட்டையா சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "எனக்கு வேலை நேத்தே முடிஞ்சுபோச்சுப்பா. பாராவை மாத்தத்தான் ஆள் வரல."

அந்த வாக்குமூலத்தை எழுதியதும் ரைட்டரம்மாதான். அன்றைக்கும் கையெழுத்து முத்தாகவே இருந்தது. அதை நினைத்தால் அவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு அவள் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள். "சார், அவர் பேரை நான் வாசிக்கப்போறேன்."

இன்ஸ்பெக்டர் டீயை ஆற விட்டார். "எந்தப் பட்டியல்ல?"

"எதுலயோ ஒண்ணுல."

"பணியில இறந்தார்னு வாசிச்சா, ஏன் ரெண்டு நாளா ஆள் மாத்தலன்னு விசாரணை வரும். வரட்டும், எனக்கென்ன. கோடு போட்ட கை யாரோடதும்மா?" என்று சிரித்தார். "உங்களுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. பேசாம தாள்ல இருக்கிறதை வாசிச்சுட்டுப் போங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இந்த ஆள் ஒரு பாலத்தையும் அதன் மேல் நின்ற மனிதனையும் சேர்த்து மறைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ரைட்டரம்மாவுக்குக் காது மடல் கொதித்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்று சாயங்காலம் மணிக்கூண்டின் மனைவியைப் பார்க்கப் போனாள், அவளுக்கு அக்கா. முன்னறையில் பழைய செய்தித்தாளை விரித்து அக்கா ஒரு ஜோடி கறுப்புப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொப்பி, பெல்ட், விசில் எல்லாம் வரிசையாக இருந்தன. உடுப்புக் கிடங்கிலிருந்து மூன்றாவது கடிதம் வந்திருந்தது, ஓய்வு பெற்றவர் அரசுப் பொருளை உடனே ஒப்படைக்க வேண்டுமாம். பெயரைச் சேர்க்க அவரைத் தெரியாது. தொப்பியைப் பிடுங்க மட்டும் விலாசம் தெரிகிறது.

"அழுக்கா குடுத்தா அவருக்குப் பிடிக்காது" என்றாள் அக்கா. பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நீ அனுப்புன ஆளு யாரு தங்கச்சி?"

ரைட்டரம்மா வரிசையிலிருந்த விசிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரா இருந்தாலும் எனக்கு அவங்க மேல கோவமில்ல. நடுவுல வெள்ளத்துல மாட்டியிருப்பாங்க, பாவம். அதைச் சொல்லணும்னுதான் கேட்டேன். மனசுல வச்சுட்டுக் கஷ்டப்படுவாங்கல்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இல்லாத ஓர் ஆளுக்காக அக்கா பதினொரு மாதமாக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். ரைட்டரம்மா எழுந்து நின்றாள். "நாளன்னிக்கு நினைவு நாள். நீங்க வரணும்க்கா. தொப்பியை எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தாள். பஸ் நிறுத்தம் வரை தன்னைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனாள்; எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நினைவு நாளன்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. பெரிய அதிகாரி பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார். நடுவே நினைவுக் கல். முறை இதுதான்: பெயர் வாசிக்கப்பட்டதும் குடும்பத்தார் இறந்தவரின் தொப்பியோடு முன்னால் வருவார்கள். அவர் வேலை பார்த்த ஸ்டேஷனிலிருந்து ஒருவர் போய் அதை வாங்கி, "பாரா மாற்றிக்கொண்டேன்" என்று சொல்லிக் கல்லின் மேல் வைப்பார். கல்லுக்கு நேராக வைத்த மைக்கில் ரைட்டரம்மா வாசித்தாள். முதல் தாளில் ஏழு பெயர். ஏழு தொப்பிகள் கல்லுக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை காதில் விழும்போது அவளுக்கு உடம்பு எரிந்தது.

தாளைத் திருப்ப வேண்டிய இடம் வந்தது. கடைசி வரிசையில் அலுவலக அழைப்பில்லாமல் வந்த அக்கா, மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ரைட்டரம்மா இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"தலைமைக் காவலர், எண் எழுநூற்று முப்பத்தாறு" என்று தொடங்கி மணிக்கூண்டின் முழுப் பெயரையும் சொன்னாள். "பழைய பாலத்துப் பாரா."

இன்ஸ்பெக்டர் ஓட்டமும் நடையுமாக வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்தும்மா" என்றபடி மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். பாவம், யாருடைய மைக்கைப் பிடுங்குகிறோம் என்று மறந்துவிட்டார்.

"அவர் பாராவுல நின்னுதான் செத்தார்!" என்றாள் அவள். கடைசி வரிசைக்கும் கேட்டது. "ரெண்டு நாள் நின்னார். மாத்த ஆள் போகல. பதிவேட்டுல அவர் பேரோட பாலத்தையும் சேர்த்து அடிச்சது நான். ஆள் அனுப்பச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன், இதோ நிக்கிறாரே, இந்த இன்ஸ்பெக்டர் அனுப்பல. ஆள் அனுப்பியாச்சுன்னு அவர் சம்சாரத்துக்கிட்டப் பொய் சொன்னதும் நான்தான். அக்கா, அப்படி ஓர் ஆளே கிடையாது. யாரும் வெள்ளத்துல மாட்டல. யாரையும் நாங்க அனுப்பவே இல்ல!"

பெரிய அதிகாரி பாதி எழுந்து, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே இருந்தார். இன்ஸ்பெக்டரின் கையில் ஒயர் தொங்கியது. ரைட்டரம்மா யாரையும் பார்க்காமல் நடந்து நினைவுக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அக்கா எழுந்தாள். அவ்வளவு தூரத்தையும் நிதானமாக நடந்து வந்தாள். பையிலிருந்து தொப்பியை எடுத்தாள். முன் பட்டை கண்ணாடி மாதிரி பளபளத்தது. ரைட்டரம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். தொப்பி கைக்கு வந்தது.

"பாரா மாற்றி…"

"சொல்லாத." அக்காவின் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தங்கச்சி என்ற வார்த்தையும் இல்லை. "அவரு ஒரு நிமிஷம் லேட்டா வந்தவரில்ல. நீ ஒரு வருஷம் கழிச்சு வந்து ஒரு வார்த்தையில முடிச்சுக்கலாம்னு பாக்குறியா? நில்லு. கையில வச்சுக்கிட்டு நில்லு."

ரைட்டரம்மா நின்றாள். யாரோ இரண்டாவது பட்டியலின் நகலைத் தேடி எடுத்து மளமளவென்று வாசித்து முடித்தார்கள். பெரிய அதிகாரியின் கார் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் அவளைக் கடந்து போகும்போது மெமோ, விசாரணை என்று என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார். அவள் காதில் ஏறவில்லை. பந்தலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். நிழல் போய் வெயில் நேராகத் தலையில் இறங்கியது. அவள் தொப்பியைத் தாழ்த்தவில்லை.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த காவலர் ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "மணி ஒண்ணாகுதும்மா. ரைட்டரம்மா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இன்னும் எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

அக்கா ரைட்டரம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"மாத்த ஆள் அனுப்பியாச்சு. வந்துருவாங்க."