வைகிங் முழங்கால்

கொம்பு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். வைகிங் என்கிற அந்தக் காலத்து வடஐரோப்பியக் கடலோடிகளின் தலைக்கவசத்தில் கொம்பு இருந்தது என்று எவன் கிளப்பிவிட்டானோ, அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வைகிங் கூடத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. மரக்கப்பல், கேடயம், எலும்புச் சீப்பு எல்லாம் நகல்தான், தொட்டுப் பார்க்கலாம். கப்பலில் ஏறிக் குதிக்க மட்டும் கூடாது. தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிறேன், யார் கேட்கிறார்கள்?

அன்றைக்கு வந்த வகுப்பில் எங்கள் வீட்டுப் பெண்ணும் இருந்தாள். என் மனைவியின் மகள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளைப் பெற்ற அப்பா தவறிவிட்டார். எனக்கும் அவள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. என்னை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. "அம்மா, அவங்க செருப்பு வழியில கிடக்கு" என்பாள், நான் பக்கத்தில் நின்றாலும். திட்டினால் எனக்கு உறைக்காது. இந்த 'அவங்க' மட்டும் சுருக்கென்று தைக்கும்.

"அங்க எங்க வீட்டுப் பொண்ணுன்னு தம்பட்டம் அடிக்காதீங்க. அவளா சொன்னா சொல்லட்டும்" என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் அந்தப் பெண் வாயால் ஒரு வார்த்தை வராதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவள் கடைசி வரிசையில் நின்று கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் பண்ணை, ஆட்டு ரோமம், சனிக்கிழமைக் குளியல் என்று போய்க்கொண்டிருந்தேன்.

"வாரத்துக்கு ஒரு தடவைதானா சார்?" என்றான் ஒரு வாலு. வந்ததிலிருந்து சுற்றிச் சுற்றி ஓடியதால் அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருந்தேன்.

"இதை வீட்ல போய்ச் சொல்லி என்னை மாட்டிவிடாதே" என்றேன்.

அடுத்தது வளர்ப்புப் பிள்ளை வழக்கம். அன்றைக்கு அதைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். பாழாய்ப்போன வாய், பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டது.

"ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்ல வளரும். அந்த வீட்டு ஆளு, எல்லாரும் பாக்க, பிள்ளையைத் தன் முழங்கால்ல உக்கார வெச்சுக்குவாரு. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைய வளக்கிற பொறுப்பு அவரோடது."

வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, செய்து காட்ட யார் வருகிறீர்கள் என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது, அவள் கையைத் தவிர. பம்பரத்தைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா?"

அவள்தான் கேட்டாள். என் முகத்தைப் பார்த்து அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"அது எனக்குத் தெரியலம்மா. நானா இருந்தா முழங்காலைக் காலியா வெச்சுக்கிட்டுக் காத்திருப்பேன்."

"எவ்ளோ நாளைக்கு?"

"அது பிள்ளை இஷ்டம்."

பம்பரம் ஏற வந்துவிட்டான். அவள் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நீ தள்ளு."

"சார் என்னைத்தானே கூப்பிட்டாரு?"

"உனக்குத்தான் உங்க வீட்ல ஆள் இருக்கே. தள்ளுடா."

ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்ன கனம் கனக்கிறாள், கழுதை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவெல்லாம் இல்லை.

"உனக்கு சாரை முன்னாடியே தெரியுமா?" என்றார் அவர்களுடைய டீச்சர்.

"எங்க அப்பா, மிஸ். புதுசு."

கப்பல் கட்டுகிற பாடம் முழுசாக பாக்கி இருந்தது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே நடத்தி முடித்தேன். கால் மரத்துப்போய்விட்டது. எழுந்திரு என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?