மூன்று வரிக்கு ஒரு 'ம்'

எண்ணெய்த் தொட்டி கழுவும் வேலையில் எனக்கு இப்போது இறங்கும் பங்கு இல்லை. இடுப்பு போய்விட்டது. மேலே, தொட்டியின் வாய்ப்பக்கம் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. கேட்டால் சிரிப்பார்கள். உள்ளே இறங்கினவன் அடியில் படிந்த கசடை அள்ளும் நேரமெல்லாம் மேலேயிருந்து ஒரு குரல் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவனும் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் ஆள் மயங்கிவிட்டான் என்று அர்த்தம், உடனே கயிற்றை இழுக்க வேண்டும். வாக்கி டாக்கி அந்த இரும்புக்குள் கரகரப்பதோடு சரி.

இறங்குகிறவன் என் தங்கை புருஷன். கயிறு சுற்றும் சக்கரத்தில் நிற்பது மொட்டை. மூன்று பேர்தான் எங்கள் கோஷ்டி.

பேசிப் பேசி என்னிடம் பேச்சே தீர்ந்துபோயிற்று. வீட்டுச் சண்டை, சினிமா, சூப்பர்வைசரின் தொப்பை எல்லாம் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் மாலை வகுப்பு டீச்சர் மூன்று புத்தகங்களைக் கையில் கொடுத்தார். மீசை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவன் நான். முதலில் தமிழ், அப்புறம் தட்டுத்தடுமாறி இங்கிலீஷ்.

"மூணும் ஒரே கவிதைதான். இத்தாலியில எழுநூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் பாடினது. இந்தக் காலத்து ஆளுங்க மூணு பேர் இங்கிலீஷ்ல கொண்டுவந்திருக்காங்க. எது தேறும்னு படிச்சுட்டுச் சொல்லுங்க, அதையே வகுப்புக்கு வாங்கிடலாம்" என்றார்.

அந்தக் கவிதையில் ஒருவன் உயிரோடு நரகத்துக்குள் இறங்குகிறான், செத்துப்போன ஒருவர் கூடவே வந்து வழி காட்டுகிறார். தொட்டி வாயில் படிக்க இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? மூன்று வரி படிப்பேன், கீழேயிருந்து மாப்பிள்ளை 'ம்' கொட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு. அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இங்கிலீஷில் வசவு வாங்கியே பழகிய காது, என்னைவிடக் கூர்மை.

முதல் புத்தகம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பக்கத்தின் தலையில் கொஞ்சம் கவிதை, கீழே முழுக்கப் பொடி எழுத்தில் விளக்கம். இந்த ஆள் யார், அந்த ஆள் எந்தக் கட்சி என்று.

"மச்சான், இது கவிதையா, மருந்து டப்பாவுல வர்ற காகிதமா?" என்று கீழேயிருந்து கத்தினான்.

இரண்டாவது, எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுகிற மாதிரி இருந்தது. நன்றாகப் புரிந்தது. ஆனால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. 'ம்' தப்பான இடத்தில் விழும், இல்லையென்றால் வரவே வராது. "இரு மச்சான், அவன் எந்தப் பக்கம் திரும்பினான்?" என்று நடுவில் வழக்காடுவான். பதில் பிந்தி, மொட்டை பதறிச் சக்கரத்தைப் பிடித்தது எத்தனையோ தடவை.

"இது தொல்லை பிடிச்ச புத்தகம்யா. என் நெஞ்சு நின்னுடும்" என்றான் மொட்டை.

மூன்றாவது அப்படியில்லை. ஒரு வரி விட்டு ஒரு வரி கடைசிச் சத்தம் ஒத்து வந்தது. ஒரு சத்தத்தைக் கேட்டால் அடுத்ததைக் காது தானே தேடும். மூன்றாவது வரி முடிந்த கணமே கீழேயிருந்து 'ம்'. மண்வெட்டி விழுவதும் அந்தத் தாளத்துக்கே வந்துவிட்டது. மொட்டையும் காலால் தட்டுவான். வேலை முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது. சூப்பர்வைசரே வந்து, "என்னமோ மந்திரம் போடுறீங்களாமே?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இதுதான் தேறும் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. மாப்பிள்ளை கேலி பேசுவதை விட்டுவிட்டான்.

தங்கையும் ஒருநாள் கேட்டாள். "அண்ணே, அவரு தூக்கத்துல 'ம்'ங்கிறாரு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் 'ம்'. யாருக்குப் பதில் சொல்றாரு?"

"வேலை அசதி" என்றேன். எனக்கே அது நம்பும்படி இல்லை.

அடுத்த வாரம் ஒரு பழைய தொட்டி. வெகுநாள் திறக்காதது. வாயில் தொங்கவிட்ட வாயு மீட்டர் சத்தம் காட்டவில்லை, காற்று ஊதும் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. படித்தேன். 'ம்'. படித்தேன். 'ம்'. கவிதையில் இறங்குகிறவனும் வெகு ஆழத்துக்குப் போயிருந்தான்.

அப்போது காற்றடித்துப் பக்கங்கள் புரண்டன. விட்ட இடம் தெரியவில்லை. விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்கவேயில்லை.

கீழேயிருந்து 'ம்' வந்தது.

கேலி பண்ணுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். "மாப்ள, நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலியே."

கொஞ்ச நேரம். 'ம்'.

"உன் பொண்டாட்டி பேரு என்ன?"

சரியாக அதே இடைவெளி. 'ம்'.

மண்வெட்டிச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"மொட்டை, இழுடா!"

வாய் வழியாக முதலில் ஹெல்மெட் வந்தது, பிறகு தொங்கிய தலை, பிறகு துணி மாதிரித் துவண்ட உடம்பு. அடியில் கிளறின கசடுக்குள்ளிருந்து வாயு வந்திருக்கிறது, மேலே தொங்கிய மீட்டருக்கு அது எட்டவில்லை. தகட்டின் மேல் கிடத்தி முகமூடியைக் கழற்றினேன். கண் பாதி திறந்திருந்தது. அந்த வாய் இன்னொரு தடவை 'ம்' என்றது. அதைப்போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் பேச்சு வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டான்.

"ஏன் மச்சான் நிறுத்தின?"

"எதை?"

"பாட்டை. நல்லா இருந்துச்சு. கால் போனது, கை போனது ஒண்ணும் தெரியல. உன் குரல் மட்டும் கூடவே வந்துச்சு. நீ நிறுத்தினது கூட எனக்குக் கேட்கல. இவங்க சொல்லித்தான் தெரியும்."

தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள்.

டீச்சரிடம் சொன்னேன். அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூலத்துலயே அப்படித்தான். ஒரு மூணு வரியோட சத்தம் அடுத்த மூணு வரியைக் கொக்கி போட்டு இழுக்கும். அதை விடாம கொண்டுவந்தது இந்த ஒருத்தர்தான்" என்றார்.

"மூணுல அதுதான் ஒசத்தி, டீச்சர். நான் இல்லேங்கல. அதனாலதான் பயமா இருக்கு."

"அப்போ வகுப்புக்கு அது, தொட்டிக்கு வேற. ரெண்டு இடத்துக்கும் ஒரே தீர்ப்பு எதுக்கு?"

மாப்பிள்ளை தேறி வேலைக்கு வந்தான். வேறு வேலை பார் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்தப் பாட்டுப் புத்தகத்தையே கொண்டுவரச் சொன்னான். சூப்பர்வைசரும் அதையே சொன்னார். நான் தொல்லை பிடித்த அந்த இரண்டாவது புத்தகத்தை எடுத்துப்போனேன். அதற்குத் தூக்கத்தில் 'ம்' கொட்ட முடியாது.

மூன்று வரி படித்து நிறுத்தினேன். பதில் இல்லை. மொட்டை சக்கரத்தைப் பிடித்தான்.

"என்னய்யா இது, அந்த ஆளு இன்னும் வாசப்படியிலயே நின்னுட்டு இருக்கானா? சட்டுனு உள்ள போகச் சொல்லு மச்சான்!" என்று சத்தம் வந்தது.

ஒவ்வொரு மூன்று வரிக்கும் இப்படித்தான் செத்துப் பிழைக்கிறேன். அடுத்த மூன்றையும் படித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன். காற்று ஊதும் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.