நூற்றுப் பதினான்கு பேட்டிகள்

சிவபிரகாஷ் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தபோது, அவர் மனைவி பரிமளாவுக்கு முதலில் வந்தது வேறு சந்தேகம். எட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்த மனுஷன். அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒயரைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். ஆண் குரல்தான். "ஷேர் மார்க்கெட்ல மொத மூணு வருஷம் எல்லாத்தையும் எழந்தேங்க" என்று, வேண்டுதல் நிறைவேறியவன் மாதிரி சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நினைத்ததைவிட இது மோசமாக இருந்தது.

டிரேடர்களின் பாட்காஸ்ட் பேட்டிகள். நூற்றுப் பதினான்கு கேட்டு, நாலு நோட்டு எழுதியிருந்தார். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்தும் பரிமளாவுக்குச் சோற்றைப் பிசைந்தபடியே பாடமும் எடுத்தார்.

"டிரேடர்ல ரெண்டு வகை. சிஸ்டமேடிக்குன்னா ரூல் எழுதி வச்சுக்கணும். அது வாங்குன்னா வாங்கணும், வித்துருன்னா விக்கணும். நம்ம மூளைக்கு வேலையே இல்ல. டிஸ்கிரிஷனரின்னா, நெலவரத்தப் பாத்து நாமளே முடிவெடுக்கறது."

"நீங்க எந்த வகை?"

"ரெண்டும்."

ரெண்டும் எப்படி என்பது போன மாதம் விளங்கியது. ரூல் வாங்கச் சொன்னது, வாங்கினார். விலை இறங்கியதும் விற்கச் சொன்னது. அப்போது மட்டும் அவருக்கு மூளை வந்துவிட்டது. "இரு, ஏறும்" என்று நிலவரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்ததில் பரிமளாவின் தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போய், கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது.

இப்போது அவர் கண், மகள் ரம்யாவின் நர்சிங் படிப்புக்காகப் பரிமளா பெயரில் கிடந்த பேங்க் டெபாசிட் மேல். அதை உடைக்கும் ஃபாரம் மேசைக்கே வந்துவிட்டது. அவள் கையெழுத்துதான் பாக்கி.

"அந்த நூத்திப் பதினாலு பேருல, தோத்துப்போயி வீட்டுல கெடக்கறவன் ஒருத்தனாச்சும் உண்டாங்க?"

"தோத்தவன யாருடி பேட்டி எடுப்பா?"

எடுப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் பாட்காஸ்ட் நடத்துகிறவன் சிவபிரகாஷையே பேட்டி எடுத்து வெளியிட்டிருந்தான்: 'கிராமத்திலிருந்து ஒரு வெற்றி டிரேடர்.' அவர் போனை ஃபாரத்துக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

"என் ரூல நான் ஒரு நாளும் மீறுனதில்லைங்க" என்றது அவர் குரல், எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்துவந்த கனத்தோடு.

"நஷ்டம் வந்திருக்கா சார்?"

"சின்னச் சின்னதா. நஷ்டந்தாங்க நமக்கு வாத்தியார்."

பரிமளா மஞ்சள் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அடகுல கெடக்கற செயினப் பத்திச் சொல்லலியா?"

"அவன் கேக்கலயே."

"அப்ப அந்த நூத்திப் பதினாலு பேரு பொண்டாட்டிக கழுத்தப் பத்தியும் எவனும் கேட்டிருக்க மாட்டான்."

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். போன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. பரிமளா ஃபாரத்தை எடுத்து நாலாக மடித்து, கடைப் பைக்குள் போட்டு, செருப்பை மாட்டினாள்.

"கையெழுத்து?"

"நான் டிஸ்கிரிஷனரிங்க" என்றாள். "நெலவரம் சரியில்ல."